பூட்டிய கதவும் டாமனி ஹாலும்: 1911க்குப் பிறகு நியூயார்க்கில் தொழிலாளர் சட்டங்களைக் கொண்டுவந்தது யார்?

கரிசல்காட்டான்:

ஒரு கேள்வி ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சீர்திருத்தங்களைப் பற்றி எங்கே படித்தாலும் கதை ஒரே மாதிரிதான் போகிறது. படித்த, யோக்கியமான நடுத்தர வர்க்கத்தார் ஒரு பக்கம். ஓட்டையும் காண்டிராக்டையும் வைத்துப் பிழைக்கும் கட்சிக்காரர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் யோக்கியர்கள் ஜெயித்தார்கள், சட்டம் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1911 முதல் 1914 வரை வரிசையாக நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டங்களைக் கொஞ்சம் கிளறினால் இந்தக் கதை நிற்கவில்லை. சட்டமன்றத்தில் அவற்றை முன்னின்று நிறைவேற்றியவர்கள் டாமனி ஹால் ஆட்கள்.

டாமனி ஹால் தெரியாதவர்களுக்கு: நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியின் இயந்திரம் அது. தெருவுக்குத் தெரு ஆள் இருப்பார்கள். குளிருக்கு நிலக்கரி வேண்டுமா, மகனுக்கு வேலை வேண்டுமா, போலீஸ் பிடித்துப் போன தம்பியை வெளியே எடுக்க வேண்டுமா, அவர்களிடம் போனால் நடக்கும். பதிலுக்கு ஓட்டு. மேலே போகப் போகக் கமிஷன், சூதாட்ட விடுதி மாமூல் எல்லாம் உண்டு.

சம்பவம் இதுதான். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, மாலை நாலே முக்கால் மணி வாக்கில் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆஷ் கட்டடத்தின் எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. எட்டு, ஒன்பது, பத்து மாடிகளில் டிரையாங்கிள் என்ற கம்பெனி பெண்களுக்கான மேல்சட்டை தைத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். அதில் 123 பேர் பெண்கள், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளின் வீட்டுப் பிள்ளைகள். பதினான்கு வயதுப் பெண்களும் உண்டு. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்து மாநில அரசு ஒரு தொழிற்சாலை விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், மாநில மேலவையான செனட்டில் ஆளுங்கட்சித் தலைவரும் அவர்தான். துணைத்தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனியின் செல்லப் பிள்ளைகள். கேள்வி இதுதான்: இந்தச் சட்டங்களுக்கு நாம் யாருக்கு நன்றி சொல்வது?

கட்டிங் மாஸ்டர்:

அரசியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது அண்ணா. இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பூரில் கட்டிங் டேபிளில் நிற்கிறேன். அந்தத் தீ ஏன் அப்படிப் பரவியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எட்டாவது மாடிதான் அவர்களுடைய கட்டிங் செக்‌ஷன். நீளமான மேசையில் மெல்லிய பருத்தித் துணியை லேயர் லேயராக விரிப்பார்கள், இடையிடையே டிஷ்யூ பேப்பர். ஒரே நேரத்தில் நூறு லேயருக்கு மேல் வெட்டுவார்கள். வெட்டின மிச்சம் மேசைக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டியில் விழும். அந்த வேஸ்டை வாங்குகிற வியாபாரி ஜனவரியில் வந்து அள்ளிப்போனவர்தான், அதற்குப் பிறகு வரவில்லை. அப்படியானால் இரண்டு மாச வேஸ்ட் அடியில் கிடக்கிறது. மேலே தலைக்கு மேல் கம்பியில் பேப்பர் பேட்டர்ன் தொங்குகிறது. எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். கெட்டித் துணி கட்டாகக் கிடந்தால் லேசில் பற்றாது. இந்த மெல்லிய வேஸ்ட் காற்றோட்டமாகக் குவிந்து கிடந்தால் பஞ்சு மாதிரி, ஒரு பொறி போதும். அணைக்காத தீக்குச்சியோ சிகரெட் துண்டோதான் காரணம் என்று தீயணைப்புத் துறை முடிவு செய்தது. புகை பிடிக்கக் கூடாது என்று போர்டு இருந்தது. கட்டிங் ஆட்களை யார் கேட்பது!

ஒன்பதாவது மாடியில் தையல். மேசைக்கு அடியில் ஒரே ஷாஃப்ட் ஓடி எல்லா மெஷினையும் ஓட்டும். மேசை ஜன்னல் சுவர் வரை போய் முட்டும், அதனால் உள்ளே உட்கார்ந்த பெண் ஒரே பக்கமாகத்தான் வெளியே வர முடியும். நாற்காலி, கூடை எல்லாம் காலில் இடறும். எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்கு, முதலாளிகள் இருந்த இடத்துக்கு, தகவல் போய்விட்டது. நடுவில் இருந்த ஒன்பதுக்குப் போகவில்லை.

கதவு பூட்டின விஷயம்: வீட்டுக்குப் போகும்போது பையைச் சோதிக்க வேண்டும், அதனால் எல்லாரும் ஒரே வழியாகப் போகட்டும் என்று ஒரு கதவைப் பூட்டுவது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இதே கதைதான். பின்பக்கக் கதவுச் சாவி சூப்பர்வைசர் இடுப்பில். கேட்டதற்கு "துணி போகுதுப்பா" என்றார். இன்னொன்று: அந்தக் கட்டடத்துக் கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. படிக்கட்டு அவ்வளவு குறுகல், வெளிப்பக்கமாகத் திறக்க இடமில்லை. கூட்டம் வந்து கதவில் அழுத்தினால் பூட்டாத கதவும் பூட்டின கதவுதான்.

தோழர் பாண்டி:

கரிசல் அண்ணன் கதையை 1911இல் ஆரம்பித்ததே தப்பு. 1909க்குப் போங்கள்.

நவம்பர் 22, நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபம். சட்டை தைக்கும் தொழிலாளர்களின் கூட்டம். மேடையில் பெரிய தொழிற்சங்கத் தலைவர்கள், சாமுவேல் காம்பர்ஸ் உட்பட. இரண்டு மணி நேரமாகப் பேச்சு, பேச்சு, பேச்சு. அப்போது கிளாரா லெம்லிச் என்ற இளம் தையல் தொழிலாளி மேடைக்கு வந்து, யூதக் குடியேறிகள் பேசும் யித்திஷ் மொழியில் நாலு வரி பேசுகிறாள்: பேச்சுக் கேட்டு அலுத்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் என்று தீர்மானம் போடுங்கள். மண்டபமே எழுந்து நின்றது. அதற்கு முன்பே மறியலில் நின்றதற்காக அடியாட்கள் அவள் விலா எலும்பை உடைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் வெளியே வந்தவர்கள் இருபதாயிரம் பேருக்கு மேல். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மறியல். போலீஸ் பிடித்துப் போகும், நீதிபதி திட்டுவார், அபராதம் போடுவார். அந்தப் போலீஸும் நீதிபதியும் யார் பிடியில்? உங்கள் டாமனி பிடியில்தான்!

பல சின்னக் கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் கூலியில் கொஞ்சம் இறங்கிவந்தார்கள், சங்கத்தை மட்டும் கடைசி வரை ஏற்கவில்லை. தீ விபத்தில் இறந்தவர்களில் அந்த மறியலில் நின்றவர்களும் இருந்தார்கள்.

விபத்துக்கு ஒரு வாரம் கழித்து மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் இரங்கல் கூட்டம். பணக்காரச் சீமாட்டிகள், பாதிரிமார்கள், எல்லாரும் ஒற்றுமை பேசினார்கள். தொப்பி தைக்கும் தொழிலாளியாக இருந்து சங்கத்துக்கு வந்த ரோஸ் ஷ்னைடர்மன் எழுந்து, இங்கே வந்து நல்லுறவு பேசினால் எரிந்து போன அந்த உடல்களுக்குத் துரோகம் செய்தவளாவேன் என்றார். ரொம்ப மெதுவான குரலில் சொன்னாராம். நன்றி யாருக்கு என்று கேட்கிறீர்களே, இவர்களுக்கு.

அரைகுறை ஆறுமுகம்:

இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆனால் முதலாளிகள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லையே? உள்ளே போனார்களா இல்லையா?

வாதி வனஜா:

போகவில்லை ஆறுமுகம் சார். வழக்கை நான் கொஞ்சம் படித்திருக்கிறேன், சட்டக் கல்லூரியில் சாட்சி விசாரணைக்கு உதாரணமாகச் சொல்வார்கள்.

முதலில் ஒரு விஷயம். வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்று நியூயார்க் சட்டத்தில் அப்போதே இருந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றும் இருந்தது, "இயன்ற இடங்களில்" என்ற சொல்லோடு. மாஸ்டர் அண்ணா சொன்ன குறுகல் படிக்கட்டு அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது. அதே மாதிரி, கட்டடம் 150 அடிக்கு மேல் இருந்தால்தான் தரையும் ஜன்னல் சட்டமும் மரமாக இருக்கக் கூடாது. ஆஷ் கட்டடம் அதற்குச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட கட்டடத்துக்குத் தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர். பேரில் பொய்யில்லை, கட்டடம் அப்படியே நின்றது.

வழக்கு 1911 டிசம்பரில் நடந்தது. முதலாளிகளுக்காக வாதாடியவர் மாக்ஸ் ஸ்டூயர். அவரும் சிறு வயதில் குடியேறி வந்து தையல் தொழிலில் கூலி வேலை பார்த்தவர்தான், அந்தப் பெண்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அத்துப்படி. உயிர் தப்பிய கேட் ஆல்டர்மன் தன் தோழி பூட்டிய கதவோடு போராடியதைச் சொன்னார். ஸ்டூயர் அழ வைக்கவில்லை, மடக்கவும் இல்லை. "அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார். சொன்னார். கொஞ்சம் கழித்து "இன்னொரு தடவை" என்றார். அதே உவமைகள், ஏறக்குறைய அதே சொற்கள். ஒரு சொல் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்து, அது எங்கே போயிற்று என்றும் கேட்டார். ஆங்கிலம் புதிதாகப் பழகிய பெண், பயத்தில் இருப்பவள், ஒரே மாதிரிதான் சொல்வாள். ஜூரிக்கு அது மனப்பாடம் செய்த பாடமாகப் பட்டது.

நீதிபதி சொன்ன வழிகாட்டல் அதைவிடப் பெரிய அடி. கதவு பூட்டியிருந்தது போதாது. அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். டிசம்பர் 27 அன்று விடுதலை. 1914இல் சில குடும்பங்களோடு சமரசம் முடிந்தது, உயிருக்கு 75 டாலர். காப்பீட்டில் முதலாளிகளுக்குக் கிடைத்தது அதைவிடப் பல மடங்கு. இதற்கு நடுவில் 1913இல் பிளாங்க் மறுபடி வேறொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

கரிசல்காட்டான்:

வனஜா அம்மா சொன்ன 20 டாலரிலிருந்தே தொடங்குகிறேன். பாண்டி, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தையும் மறுக்கவில்லை. ஆனால் மறியல், இரங்கல் கூட்டம், மழையில் லட்சம் பேருக்கு மேல் நடந்த ஊர்வலம், எல்லாம் முடிந்த பிறகும் முதலாளி தைரியமாகக் கதவைப் பூட்டுகிறான் என்றால், சட்டம் எழுதுகிற அறைக்குள் இன்னும் யாரோ போக வேண்டியிருந்தது. போனவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ்.

தீப்பிடித்த அன்று பெர்கின்ஸ் வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு தோழி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர், ஜன்னல்களிலிருந்து பெண்கள் குதிப்பதைத் தெருவில் நின்று பார்த்தார். முப்பது வயது, நுகர்வோர் சங்கத்தின் நியூயார்க் செயலாளர், படித்த குடும்பம். அதாவது நான் முதல் பதிவில் கிண்டலடித்த யோக்கியர் வகை. மற்றவர்களிடம் இல்லாத ஒரு குணம் அவரிடம் இருந்தது: டாமனிக்காரனோடு உட்கார்ந்து பேச அவருக்குக் கூச்சமில்லை.

விசாரணைக் குழுவின் உறுப்பினர்களை அவர் அறிக்கையோடு விடவில்லை, இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். இரவு வேலை முடித்துக் கயிற்றுத் தொழிற்சாலையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வெளியே வரும் பெண்களைப் பார்க்க ஆல் ஸ்மித்தை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போனார். இன்னொரு இடத்தில், தீ வந்தால் தப்பிக்கும் வழி என்று கணக்கில் எழுதியிருந்த சுவர் ஓட்டைக்குள் வாக்னரை ஊர்ந்து போக வைத்தார். ஓட்டைக்கு வெளியே பனி உறைந்த ஏணி, அதுவும் தரைக்குப் பல அடி மேலேயே முடிந்துவிடும். செனட் தலைவர் கோட்டோடு அதில் தொங்கிய காட்சியை நினைத்தாலே போதும். ஸ்மித் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஃபுல்டன் மீன் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். அவருக்கு ஏழ்மையை விளக்க வேண்டியதில்லை, பார்க்க வைத்தால் போதும்.

இப்போது 1912ஆம் ஆண்டின் 54 மணி நேர மசோதா. பெண்களின் வார வேலை நேரத்துக்கு வரம்பு கட்டும் மசோதா அது. சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி இரவு. மாநில செனட்டில் ஒரு தந்திரம் செய்தார்கள்: காய்கனிகளை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளுக்கு விலக்கு கொடுத்து மசோதாவை மாற்றினார்கள். பெர்கின்ஸின் அமைப்புக்கு இது ஒத்துக்கொள்ளவே முடியாத விஷயம், அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவார், மசோதா செத்துப்போகும், பழி அவர் தலையில் என்பது கணக்கு. பெர்கின்ஸ் நின்ற இடத்தில் முடிவெடுத்தார். சுமார் நாலு லட்சம் பெண்களுக்கு இன்றைக்கே கிடைக்கிறது, டப்பாத் தொழிலில் இருக்கும் ஐம்பதாயிரம் பேருக்கு அப்புறம் பார்ப்போம். சரி என்றார்.

ஓட்டெடுப்பில் இரண்டு பேர் கடைசி நேரத்தில் மாறிவிட்டார்கள். டாமனியின் பௌரி பகுதித் தலைவர் 'பிக் டிம்' சல்லிவனும் அவர் உறவினரும் நியூயார்க் போகும் இரவுப் படகைப் பிடிக்கப் போய்விட்டார்கள். படகுத் துறைக்கு டெலிபோன். அவர்கள் வந்துசேரும் வரை ஆதரவான உறுப்பினர்கள் பேச்சை இழுத்தார்கள். அந்தப் பெருத்த மனிதர் மாநிலத் தலைநகர் ஆல்பனியின் மேட்டில் மூச்சிரைக்க ஏறி ஓடிவந்து ஓட்டுப் போட்டார். மசோதா நிறைவேறியது. தன் சகோதரி சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவர், அதனால் இந்தப் பெண்கள் மேல் இரக்கம் என்று அவர் சொன்னதாகப் பெர்கின்ஸ் பின்னாளில் சொன்னார். பயந்துகொண்டே தன் தலைவி ஃபுளோரன்ஸ் கெல்லியிடம் போனாராம். கெல்லி கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

அரைகுறை ஆறுமுகம்:

பிக் டிம் என்றவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏழைகளை வரிசையில் நிறுத்தி ஆயிரக்கணக்கில் இலவச பூட்ஸ் கொடுத்த ஆள்தானே? சின்ன வயதில் கிழிந்த செருப்போடு பள்ளிக்குப் போனபோது டீச்சர் ஒருவர் பூட்ஸ் வாங்கித் தந்தாராம், அந்த நினைவாக. சூதாட்ட விடுதிக்காரர்களிடம் வாங்கியதில் கொஞ்சம் பூட்ஸாகத் திரும்பிப் போனது என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ அந்த மனிதர் இரக்கத்தில் ஓடிவந்ததும் நிஜம், ஓட்டுக் கணக்கில் ஓடிவந்ததும் நிஜம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கே முடிந்திருக்காது.

தோழர் பாண்டி:

ஓட்டுக் கணக்குதான் முக்கியம். லோயர் ஈஸ்ட் சைடில் யூத, இத்தாலியக் குடியேறிகளின் ஓட்டு சோஷலிஸ்ட் கட்சிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 1914இல் அங்கிருந்து மேயர் லண்டன் என்ற சோஷலிஸ்டையே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பினார்கள். டாமனித் தலைவர் சார்ல்ஸ் மர்ஃபிக்கு இது முன்பே மூக்கில் வேர்த்திருக்கும். அப்போ அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? மறுபடி தெருவில் நின்ற பெண்கள்தான். ஓட்டே இல்லாத பெண்கள்! நியூயார்க்கில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1917இல்தானே.

அந்த டப்பாத் தொழிற்சாலைப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா, "உங்களை அப்புறம் பார்க்கிறோம், சரியா" என்று?

வாதி வனஜா:

பாண்டி அண்ணன் கடைசியில் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முன்னால், ஏன் "பெண்களின்" வேலை நேரம் என்று மட்டும் மசோதா போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

1905இல் லாக்னர் வழக்கு. பேக்கரித் தொழிலாளர்களுக்கு வாரம் 60 மணி நேரம் என்று நியூயார்க் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ரத்து செய்தது. எவ்வளவு நேரம் வேலை செய்வது என்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்தச் சுதந்திரமாம். 1908இல் முல்லர் வழக்கு, ஆரகன் மாநிலத்துச் சலவைத் தொழில். அங்கே வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ் தாக்கல் செய்த வாதுரை நூறு பக்கத்துக்கு மேல். அதில் சட்டம் இரண்டே பக்கம். மீதியெல்லாம் நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்கிறது என்ற மருத்துவர், ஆய்வாளர் அறிக்கைகள். அதைத் திரட்டியவர்கள் ஜோசஃபின் கோல்ட்மார்க்கும் ஃபுளோரன்ஸ் கெல்லியும். ஜெயித்தார்கள். ஆனால் ஜெயித்த காரணம், பெண் உடல் பலவீனமானது, அவள் நாளைய தாய், அதனால் அரசு தலையிடலாம் என்பது. திறந்த கதவு அது ஒன்றுதான், அதன் வழியே போனார்கள். பிறகு அதே வாதத்தைக் காட்டிப் பெண்களை இரவு வேலையிலிருந்தும் நல்ல கூலி வேலைகளிலிருந்தும் தள்ளினார்கள். இதை வெற்றி என்பதா, கடன் என்பதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தாமரைக்குளத்தான்:

தாமதமாக வருகிறேன். எல்லாரும் நியூயார்க்கையே சுற்றுகிறீர்கள். இதே ஆண்டுகளில்தான், 1913இல், சீர்திருத்தவாதி என்று பேரெடுத்த உட்ரோ வில்சன் ஆட்சி மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, ஓரத்தில் நின்றிருந்து, தன் மாநிலத்துக் குழு வந்ததும் நடுவில் புகுந்து நடந்தார்.

"அப்புறம் பார்ப்போம்" என்ற சொல் எப்போதும் ஒரே ஆட்கள் தலையில்தான் விழுகிறது. இதே பெர்கின்ஸ் 1933இல் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார், அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. அதில் பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலைக்காரர்களும் இல்லை. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளை யார் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரிசல்காட்டான்:

தாமரை அடித்த இடம் வலிக்கிறது, நியாயமான அடி. டப்பாத் தொழிற்சாலைகளுக்கும் அடுத்த ஆண்டே ஒரு வரம்பு வந்தது, மற்றவர்களுக்கு இருந்ததைவிடத் தளர்வாக. வீட்டு வேலைக்காரர்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வர 1974 ஆயிற்று. முதலாவதை வைத்துப் பெர்கின்ஸின் பேரம் சரி என்று வாதாடலாம். இரண்டாவதை வைத்து அந்த வாதம் தோற்றுவிடுகிறது. என் முதல் பதிவின் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன்: நன்றி யாருக்கு என்பதைவிட, ஒவ்வொரு பேரத்திலும் மேசைக்கு வெளியே நின்றது யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் டாமனிக்காரன் படகிலிருந்து இறங்கி ஓடிவந்ததை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜெர்சி மைதிலி:

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. இப்போது பிரவுன் கட்டடம் என்று பெயர், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அறிவியல் ஆய்வகங்கள் உள்ளே. அன்று பத்தாவது மாடியில் இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஏறியபோது ஏணி போட்டுக் காப்பாற்றியதும் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த அதே பல்கலைக்கழக மாணவர்கள்தான்.

2023 அக்டோபரில் அங்கே நினைவுச் சின்னம் திறந்தார்கள். எஃகுப் பட்டை ஒன்று கட்டடத்தை ஒட்டித் தலைக்கு மேலே போகிறது, 146 பெயர்களையும் அதில் துளையாக வெட்டியிருக்கிறார்கள். நிமிர்ந்து படிப்பது கஷ்டம். கீழே இடுப்பளவில் கறுப்பாகப் பளபளக்கும் பலகை இருக்கிறது, குனிந்தால் பெயர்கள் அதில் தெரியும், எழுத்துகளுக்குள் வானம். நான் போன அன்று மேகமூட்டம்.

ஒவ்வொரு மார்ச் 25க்கும் தன்னார்வலர்கள் சாக்பீஸோடு கிளம்புவார்கள். இறந்த ஒவ்வொருவரும் குடியிருந்த வீட்டு வாசலில் பெயரையும் வயதையும் எழுதுவார்கள். ஈஸ்ட் வில்லேஜில் ஒரு காபிக் கடை வாசலில் பார்த்தேன், ஊதா சாக்பீஸில் ஒரு பெயர், பக்கத்தில் 17. ஒரு ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். மறுநாள் மழை.

கட்டிங் மாஸ்டர்:

மைதிலி, ஒரே ஒரு உதவி. அடுத்த முறை போனால் உள்ளே படிக்கட்டுக் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்று பார்த்துச் சொல்லும்மா.

ஜெர்சி மைதிலி:

செக்யூரிட்டி உள்ளே விட்டால் கட்டாயம் பார்க்கிறேன் அண்ணா.